துரு சாயும் திசை

மூன்று வருடம் என் மரம் யாருடைய மரமாகவோ இருந்தது.
ஓக் ரேகை ஒருவரிடமிருந்து,
ஈரக் கல்லின் மினுக்கம் இன்னொருவரிடமிருந்து,
இலவசமாய்க் கிடைத்த நாற்பது தூரிகைகள்
ஒரு ஃபோல்டரில்,
திருப்பித் தராத குடைகள் போல.

நேர்காணலில் கேட்டார்கள்:
இதில் நீ எங்கே இருக்கிறாய், தனிட்சா?
திரையைப் பார்த்தேன்.
எல்லாம் அழகாக இருந்தது.
நான் இல்லை.

வேலை கிடைத்துவிட்டது, அதுதான் வேடிக்கை.

புந்தா அரீனாஸில் என் அறை.
ஜன்னலுக்கு எதிரே நிபால்டோ ஒயார்சோவின் வீட்டுச் சுவர்.
நெளிதகரம். இப்போது பச்சை, அதற்கு முன் மஞ்சள்,
உரிந்த இடங்களில் இரண்டுக்கும் வாய்த்தகராறு.
காற்று மேற்கிலிருந்து வரும், எப்போதும் மேற்கிலிருந்து.
சில நாள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்
பிடித்துக்கொண்டு நடக்க.
ரொட்டி வாங்கப் போனவள் பையோடு ஓரடி பறந்தாள் என்றால்
இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

முதல் பணி: கைவிட்ட துறைமுகத்துக்குத் துருப்பிடித்த தகரம்.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பிக்சல் சதுரம்.
வலது ஓரம் இடது ஓரத்தோடு ஒட்டவேண்டும்,
மேல் கீழோடு,
தையல் தெரியாமல்.
ஒரு சதுரத்தால் ஓர் ஊரையே போர்த்தவேண்டும்.

நான்காம் நாள் கோத்தன்பர்க்கிலிருந்து ஹில்லெவியின் குறிப்பு,
சிவப்பு வட்டம் போட்டு:
நிறம் அருமை. ஆனால் புவியீர்ப்பு தவறு.
ஆணியிலிருந்து துரு நேராக அல்லவா இறங்கும்?

உற்றுப் பார்த்தேன்.
ஒவ்வோர் ஆணிக்கும் கீழே ஒரு பழுப்புக் கோடு
வலப்பக்கம் ஒதுங்கி ஓடியிருந்தது,
வாரிய தலைமுடி போல.
ஒன்றல்ல, எல்லாமே.
அப்படி வரையவேண்டுமென்று நான் நினைக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டு நிமிர்த்தினேன்.
நிமிர்ந்த தகரம்
அடையாள அட்டைப் புகைப்படம் போல இருந்தது.
சரியாகத்தான் இருந்தது. அனுப்பவில்லை.

மறுநாள் கேமராவோடு போய்
நிபால்டோவின் சுவரை ஆணி ஆணியாய் எடுத்தேன்.
ஜன்னலைத் திறந்து கத்தினார்:
காப்பீட்டு ஆளா நீ?
இல்லை, பக்கத்து வீடு.
அப்படியானால் அந்த மூலையை எடுக்காதே, அசிங்கம்.
எனக்கு வேண்டியது அந்த மூலைதான்.
அங்கே மழைநீருக்குக் கீழே விழ நேரமிருக்கவில்லை,
கிடையாகவே போயிருந்தது.
தெற்குப் பார்த்த சுவரில் வலப்பக்கம்,
சுற்றிப்போனால் வடக்குச் சுவரில் இடப்பக்கம்,
இரண்டும் ஒரே ஜலசந்தியை நோக்கி.

ஆக, கைக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிரவு பழைய ஃபைல்களைத் தோண்டினேன்.
கடன் வாங்கிய ஓக்கில் பாசி ஒருபக்கமாய் ஒண்டியிருந்தது.
கோட்டைக் கல்லில் சுண்ணாம்பு சாய்ந்து வழிந்தது.
பூனையின் உரோமத்தில்கூட.
மூன்று வருடமாய் நான் தேடிய ஆள்
கூடவே உட்கார்ந்து
எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஹில்லெவிக்கு எழுதினேன்:
அந்தத் துறைமுகத்தில் காற்று அடிக்கும்.
இரண்டு சதுரம் தருகிறேன், வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று.
மாற்றி ஒட்டினால் ஒரே தெருவில்
இரண்டு காற்றுகள் முட்டிக்கொள்ளும்.
இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி:
மெமரி இரட்டிப்பாகும். இருந்தாலும் சரி.

விளையாட்டு வெளியானது.
ஓடுகிறார்கள், சுடுகிறார்கள்,
தகரத்தை யாரும் பார்ப்பதில்லை.
கிடங்கின் பின்புறம் ஒரே ஓர் இடத்தில்
யாரோ அவசரத்தில் சதுரத்தை மாற்றி ஒட்டிவிட்டார்கள்.
அங்கே மட்டும் காற்று கடலிலிருந்து வருகிறது.
திருத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தேன்,
எழுதவில்லை.
அப்படியொரு காற்றை நான் கண்டதில்லை.
வேலை முடிந்த பிறகு
அந்தச் சுவரின் முன்னால் போய்
கொஞ்ச நேரம் நிற்கிறேன்.